மேய்ப்பர் பகுதிகளைப் படித்துப் பத்து வீடுகளைப் பராமரிப்பது எப்படி? வீட்டுக்கூட்டப் பொறுப்பாளர்களுக்கான முழுமையான வழிகாட்டி

"இந்தத் தெருவில் இருக்கும் பத்து வீடுகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சபையில் ஒருவரிடம் பொறுப்புக் கொடுத்தால், அவர் வழக்கமாக முதலில் எடுப்பது சங்கீதம் 23. எல்லாருக்கும் மனப்பாடம். கண்ணை மூடிச் சேர்ந்து சொல்வார்கள், ஒரு பாடல் பாடுவார்கள், தேநீர் குடித்துவிட்டு ஆறுதலோடு கிளம்புவார்கள். அடுத்த வாரம் மூன்றாவது வீட்டு அம்மா ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்பதில்லை.

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்து வீட்டுக்கூட்டங்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகு வகுத்த வரிசை இது. வேதாகமத்தில் மேய்ப்பர் பேசப்படும் இடங்களில் ஆறுதலோடு வேலையும் சேர்ந்தே வருகிறது. அதனால் ஒவ்வொரு வாரமும் ஒரு பகுதியைப் படிக்க வேண்டும். அந்த வாரமே அதிலிருந்து ஒரு வேலையைச் செய்ய வேண்டும். மொத்தம் ஆறு வாரம். வரிசையை மாற்ற வேண்டாம், காரணத்தை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. தொடங்குமுன் தேவையானவை

முதலில் ஆயரிடம் சொல்லி ஒப்புதல் பெறுங்கள். சொல்லாமல் தொடங்கினால், நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சபைக்குள் தனிக்கூட்டம் சேர்க்கிறார்கள் என்ற பேச்சு எழும். இன்னொரு காரணமும் உண்டு. இந்த ஆறு வாரத்துக்குள் உங்களால் தனியாகத் தாங்க முடியாத ஒரு செய்தி எப்படியும் காதுக்கு வரும். அன்றைக்குப் போய்ப் பேச ஒருவர் வேண்டும்.

வீடுகள் பத்துக்கு மேல் வேண்டாம். யாத்திராகமம் 18-ல், காலைமுதல் சாயங்காலம்வரை ஜனங்களை நியாயம் விசாரித்துக்கொண்டிருந்த மோசேயிடம் அவருடைய மாமனார் எத்திரோ, நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்கிறார். ஆயிரம்பேர், நூறுபேர், ஐம்பதுபேர், பத்துப்பேர் என்று பொறுப்பைப் பிரிக்கச் சொல்கிறார். மோசே மேய்த்ததே அந்த எத்திரோவின் ஆடுகளைத்தான் (யாத்திராகமம் 3:1). மந்தை வைத்திருந்தவர் கொடுத்த ஆலோசனையில் கடைசி எண் பத்து. புதிதாக வருகிறவர்கள் ஆர்வத்தில் இருபத்தைந்து வீடுகளை ஏற்றுக்கொண்டு, கடைசியில் தங்களுக்குப் பிடித்த ஆறு வீடுகளுக்கு மட்டும் போய்வருகிறார்கள்.

பொறுப்பாளர்கள் இரண்டு பேராக இருக்க வேண்டும். கணவன் மனைவியாக இருந்தால் மிக நல்லது. இல்லையென்றால் ஒரு மூத்த சகோதரியும் ஒரு சகோதரரும் இருக்கலாம். வீட்டில் பெண்கள் தனியாக இருக்கும் நேரத்தில் ஆண் மட்டும் போய் நிற்பது எந்தத் தெருவிலும் சரிவராது.

காலத்தையும் யோசியுங்கள். பொங்கல் முடிந்து தபசுகாலம் (ஈஸ்டருக்கு முந்தைய உபவாச நாட்கள்) தொடங்குவதற்கு முன்பு ஆறு வாரம் கிடைக்கிறதா என்று நாட்காட்டியில் பாருங்கள். கிடைக்காவிட்டால் பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஜூன் மாதக் கடைசியில் தொடங்குங்கள். மே மாதத்தில் வேலூர் வெயிலுக்குப் பயந்து பாதிப்பேர் ஊரில் இருக்கமாட்டார்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்துத் தோல், காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள் வீடு திரும்பிக் குளித்துச் சாப்பிட இரவு ஏழரை ஆகிவிடும். நர்ஸ்கள் இருக்கும் வீடுகளில் டூட்டி அட்டவணையைக் கேட்டபின் நாளை முடிவு செய்யுங்கள். நேரம் பொருந்தாமல் வராதவரை ஆர்வமில்லாதவர் என்று எழுதிவிடுவது இந்த வேலையில் நடக்கும் முதல் அநியாயம்.

கையில் வேண்டியவை ஒரு வேதாகமமும் ஒரு நாற்பது பக்க நோட்டும்.

2. படிப்பதற்கு முன் ஒரு மந்தையைப் பாருங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு நேராகப் படிப்புக்குப் போக ஆசை வரும். தவிர்க்காதீர்கள். நகரத்தில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு மேய்ப்பர் என்றால், கிறிஸ்துமஸ் நாடகத்தில் தலையில் துண்டு கட்டி வரும் பையன்தான். அந்தப் படம் மனதில் இருக்கும்வரை இரண்டாம் வாரம் படிக்கப்போகும் எசேக்கியேல் தீர்க்கதரிசியின் கோபம் புரியாது.

பாலாற்றங்கரையிலோ, அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமங்களிலோ ஆடு மேய்க்கிறவர்களை இன்றும் பார்க்கலாம். மந்தை நகர்ந்துகொண்டிருக்கும்போது போய்ப் பேச்சுக் கொடுக்காதீர்கள், அவர் கண் ஆடுகள்மேல் இருக்க வேண்டிய நேரம் அது. உச்சி வெயிலில் ஆடுகள் மரநிழலில் படுத்து அசைபோடும்போது போங்கள். "ஐயா, கொஞ்ச நேரம் பேசலாமா?" என்று கேட்டு அனுமதி வாங்குங்கள். அவரைப் படம் பிடிப்பதற்கும் அப்படியே.

மூன்று கேள்விகள் போதும். இதில் நோயுள்ள ஆடு எது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? இரவில் யார் காவல்? மழைக்குப்பின் புதுப்புல் முளைத்ததும் என்ன செய்வீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதில் பலரை அதிர வைக்கும். முதல் மழைக்குப்பின் முளைக்கும் இளம்புல்லை வயிறு முட்டத் தின்னும் ஆட்டுக்குத் துள்ளுமாரி நோய் வரும். நன்றாக இருந்த ஆடு சில மணி நேரத்தில் துள்ளி விழுந்து செத்துப்போகும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் மழைக்காலத்துக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிடுவார்கள். புதுப்புல்லில் கொஞ்ச நேரம் மேயவிட்டுத் திருப்பிவிடுவார்கள். பச்சைப் புல்லைக் காட்டுவதோடு, போதும் என்று நிறுத்துவதும் மேய்ப்பனுடைய வேலை. புதிதாக விசுவாசத்துக்குள் வந்த ஒருவரை ஒரே மாதத்தில் உபவாசம், கன்வென்ஷன், முழு இரவு ஜெபம், ஊழியப் பயணம் என்று இழுத்துப்போய், ஆறாவது மாதம் அவரைக் காணவில்லையே என்று நாம் வருந்துகிறோம். இந்தப் பதிலை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

3. முதல் வாரம்: யாக்கோபின் கணக்கு

பகுதி: ஆதியாகமம் 31:38-40, 33:12-14.

இங்கிருந்து தொடங்குவதற்குக் காரணம், மேய்ப்பு வேலையின் செலவு இங்கே கணக்காகச் சொல்லப்படுகிறது. லாபானிடம் இருந்த இருபது வருஷத்தை யாக்கோபு விவரிக்கிறார். மிருகம் பீறிப்போட்ட ஆட்டின் நஷ்டத்தைத் தானே ஏற்றுக்கொண்டார். களவுபோனதற்கும் அவரிடமே கேட்டு வாங்கினார்கள். பகல் வெயிலும் இரவுக் குளிரும் அவரை வாட்டின. "நித்திரை என் கண்களுக்குத் தூரமாயிருந்தது" என்கிறார். மந்தையில் ஏற்படும் இழப்பை யார் தாங்குவது என்ற கேள்வியைக் கூட்டத்தில் கேளுங்கள், பதிலுக்கு அவசரப்படாதீர்கள்.

அடுத்த பகுதியில் ஏசா, சேர்ந்து போகலாம் வா என்கிறார். யாக்கோபு மறுக்கிறார். பிள்ளைகள் இளசு, ஆடுமாடுகள் கறவலானவை (பால் கொடுப்பவை), ஒருநாள் துரிதமாய் ஓட்டினாலும் மந்தையெல்லாம் மாண்டுபோகும், நான் மெதுவாய் வருகிறேன் என்கிறார். பத்து வீடுகளுக்கும் ஒரே வேகம் வைக்கக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பகுதி எனக்குத் தெரியாது.

இந்த வார வேலை: பத்து வீட்டிலும் இருக்கும் ஒவ்வொருவரின் பெயரையும் நோட்டில் எழுதுங்கள். கூட்டத்துக்கு வராத மருமகன், படுக்கையில் இருக்கும் பாட்டி, விடுதியில் படிக்கும் மகள் எல்லாரும் அதில் வர வேண்டும். "உன் ஆடுகளின் நிலைமையை நன்றாய் அறிந்துகொள்" என்கிறது நீதிமொழிகள் 27:23. பெயர் தெரியாதவரின் நிலைமை எப்படித் தெரியும்?

4. இரண்டாம் வாரம்: எசேக்கியேல் 34, ஐந்து பத்திகள்

ஆறு வாரத்திலும் கனமானது இதுதான். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதல் ஆறு வசனங்களை ஒருவர் நிதானமாக வாசிக்கட்டும். மந்தையை மேய்க்காமல் தங்களையே மேய்த்த இஸ்ரவேலின் மேய்ப்பர்களுக்கு விழும் "ஐயோ" அது. நான்காம் வசனம் அவர்கள் செய்யாமல் விட்ட வேலைகளை வரிசையாக எண்ணுகிறது. அதையே பட்டியலாக எடுத்து, நோட்டில் ஐந்து பத்திகள் (நெடுவரிசைகள்) போடுங்கள்: பலவீனமானவை, நசல்கொண்டவை, எலும்பு முறிந்தவை, துரத்துண்டவை, காணாமற்போனவை. பதினாறாம் வசனத்தில் கர்த்தர் இதே வேலைகளைத் தாமே செய்வேன் என்று எடுத்துக்கொள்கிறார். ஆகவே நாம் எழுதும் இந்தப் பட்டியல் முதலில் அவருடையது.

பலருக்கு முதல் மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும். பிரித்துப் பார்க்கப் பழகுங்கள், ஏனெனில் வேலை வேறுபடுகிறது. பலவீனமானவர் ஜெபிக்கத் தெரியாமல், வேதம் வாசிக்கப் பழகாமல் இருக்கிறவர். கூட உட்கார்ந்து பழக்கிக்கொடுக்க வேண்டும், நாள் பிடிக்கும். நசல்கொண்டவருக்கு உடம்பிலோ மனதிலோ நோய். மருத்துவரிடம் போகத் துணை தேவை. எலும்பு முறிந்தவர் ஒரு சம்பவத்தால் உடைந்தவர். ஒரு மரணம், வேலை போனது, நின்றுபோன ஒரு கல்யாணம். எலும்பு முறிந்து கட்டுப்போட்டிருப்பவனிடம் யாரும் ஓடச் சொல்லமாட்டார்கள். அவரிடம் சாட்சி சொல்லக் கேட்காதீர்கள், பாட்டு நடத்தச் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருங்கள்.

கடைசி இரண்டையும் கலப்பதுதான் நம் சபைகளில் நடக்கும் பெரிய பிழை. காணாமற்போன ஆடு தானாக வழிவிலகியது. துரத்துண்ட ஆட்டை யாரோ துரத்தினார்கள். சபைத் தேர்தலில் எதிரணியில் நின்றதற்காக ஒதுக்கப்பட்ட குடும்பம், சாதிப் பேச்சு காதில் விழுந்ததால் வருவதை நிறுத்தியவர், வேறு மதத்தில் மணம்செய்த மகளைப் பற்றி எல்லார் முன்பாகவும் கேட்கப்பட்ட தாய். இவர்களைப் "பின்மாற்றக்காரர்" என்று எழுதுவது பொய். அவர்களிடம் "திரும்பி வாருங்கள்" என்பதற்கு முன்னால், துரத்தினவர் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். துரத்தினவர் மறுத்தால், அந்தக் குழுவின் சார்பில் பொறுப்பாளர் கேட்க வேண்டும். இதைச் செய்யாமல் பழக்கூடையோடு போய் நிற்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கதவு திறக்கும், மனம் திறக்காது.

பதினேழாம் வசனத்திலிருந்து இருபத்திரண்டுவரை பலர் வாசிக்காமல் விடுகிறார்கள். அங்கே கேள்வி மேய்ப்பர்களை விட்டு ஆடுகள்மேல் திரும்புகிறது. கொழுத்த ஆடுகள் நல்ல மேய்ச்சலை மேய்ந்துவிட்டு மீதியை மிதிக்கின்றன. தெளிந்த தண்ணீரைக் குடித்துவிட்டு மீதியைக் கலக்கிவிடுகின்றன. பலவீனமானவற்றைப் பக்கத்தாலும் முன்னந்தொடையாலும் தள்ளி, கொம்பால் முட்டுகின்றன. வீட்டுக்கூட்டத்தில் இது எப்படி நடக்கும் என்று கேட்டால், சிற்றுண்டியைப் பாருங்கள் என்பேன். ஒரு வீட்டில் கேசரியும் போண்டாவும், அடுத்த வீட்டில் பிரியாணி. மூன்றாவது வீட்டுக்காரர் தினக்கூலி. தம் வீட்டு முறை வரும் வாரம் "உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிடுகிறார், பிறகு வருவதேயில்லை. எல்லா வீட்டிலும் தேநீரும் பிஸ்கட்டும் மட்டும் என்று முதல் நாளே விதி வையுங்கள். வசதியுள்ள வீட்டிலிருந்து அந்த விதியைத் தொடங்குங்கள். நாற்காலி இல்லாத வீட்டுக் கூட்டத்தில் எல்லாரும் பாயில் உட்காருங்கள்.

இந்த வார வேலை: இரண்டு பொறுப்பாளர்களும் தனியாக அமர்ந்து ஐந்து பத்திகளையும் நிரப்புங்கள். முழுப் பெயர் வேண்டாம், முதல் எழுத்துப் போதும். பாவங்களை எழுதாதீர்கள், தேவையை மட்டும் எழுதுங்கள். "குடிக்கிறார்" என்று எழுதினால் அது வதந்தியின் விதை. "மாலை நேரத்தில் துணை வேண்டும்" என்று எழுதினால் அது வேலை. நோட்டைக் கூட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். ஜெபக்குறிப்பு என்ற பெயரில் அதிலிருந்து எதையும் வாட்ஸ்அப் குழுவில் போடவும் வேண்டாம்.

5. மூன்றாம் வாரம்: யோவான் 9-ஐ விட்டு 10-ஐ வாசிக்காதீர்கள்

"நானே நல்ல மேய்ப்பன்" என்ற வார்த்தையைச் சுவரில் மாட்டுகிறோம். அது எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்பதை மறந்துவிடுகிறோம். ஒன்பதாம் அதிகாரத்தில் பிறவிக் குருடன் ஒருவன் பார்வையடைகிறான். விசாரித்தவர்கள் அவனைப் புறம்பே தள்ளிவிடுகிறார்கள். இயேசு அதைக் கேள்விப்பட்டு அவனைக் கண்டுபிடித்துப் பேசுகிறார். பத்தாம் அதிகாரம் அங்கிருந்துதான் தொடர்கிறது. போன வாரம் பார்த்த "துரத்துண்டவை" இங்கே ஒரு மனிதனாக வந்து நிற்கிறான். இரண்டு அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாசித்தால் விளக்கவுரையே தேவைப்படாது.

பிறகு கூலியாளைப் பாருங்கள் (10:12-13). ஓநாய் வராத நாளில் கூலியாளுக்கும் மேய்ப்பனுக்கும் வித்தியாசம் தெரியாது. வருகிற நாளில்தான் தெரியும். நம் தெருக்களில் ஓநாய் எது என்று குழுவிடம் கேளுங்கள். கந்துவட்டி, வாரக்கடன் வசூல், மது, வீட்டுக்குள் அடி என்று அவர்களே சொல்வார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அடிவாங்கும் பெண்ணிடம் "பொறுத்துக்கொள்ளுங்கள், ஜெபிப்போம்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது ஓநாய்க்குக் கதவைத் திறந்துவிடுவது. பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. இவை இரண்டும் நோட்டின் அட்டையில் இருக்கட்டும். ஆயருக்கும் அன்றே தெரியப்படுத்துங்கள்.

பதினாறாம் வசனத்தில் "இந்தத் தொழுவத்திலுள்ளவைகளல்லாமல் வேறே ஆடுகளும் எனக்கு உண்டு" என்கிறார். வேலூரில் இருப்பவருக்கு இந்த வசனம் ஒரு முகவரியே கொடுக்கிறது. சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்த நோயாளிகளும் உறவினர்களும் வாரக்கணக்கில் தாங்களே சமைத்துச் சாப்பிட்டுத் தங்குகிறார்கள். பத்து வீட்டோடு பதினொன்றாக அப்படி ஒரு குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மொழி தெரியாவிட்டாலும் மருந்துக்கடை வரிசையில் நிற்கலாம், காய்கறி வாங்கும் இடத்தைக் காட்டலாம், நியாயமான ஆட்டோ வாடகையைச் சொல்லலாம். மதம் மாற்றும் பேச்சை நோயாளியின் படுக்கையருகே எடுக்காதீர்கள். அவருடைய பலவீனம் நமக்கு வாய்ப்பாகிவிடக் கூடாது.

6. நான்காம் வாரம்: தேடிப் போவது

பகுதி: லூக்கா 15:1-7; மத்தேயு 18:10-17.

நூறு ஆடுகளின் உவமை இரண்டு இடத்தில் வருகிறது. லூக்காவில், பாவிகளோடு சாப்பிடுகிறார் என்று முறுமுறுத்தவர்களுக்குச் சொன்ன பதிலாக வருகிறது. மத்தேயுவில், சிறியரில் ஒருவரையும் அற்பமாய் எண்ணாதிருங்கள் என்ற எச்சரிக்கையோடு வருகிறது. அதைத் தொடர்ந்தே, உன் சகோதரன் குற்றம்செய்தால் தனித்திருக்கையில் போய்ச் சொல் என்ற கட்டளை வருகிறது. தேடிப் போகாதவருக்குக் கண்டிக்கும் உரிமை இல்லை என்று இந்த வரிசையிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

வீட்டுக்குப் போகும் முறை: இரண்டு பேராகப் போங்கள். முதல் சந்திப்பு இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். "ஏன் ஆராதனைக்கு வருவதில்லை?" என்று தொடங்காதீர்கள். புதிய பொறுப்பாளர்கள் பத்தில் ஒன்பது பேர் அந்த வாசலில்தான் தடுக்கி விழுகிறார்கள். அந்தக் கேள்வி வந்ததும் வீட்டுக்காரர் காரணம் தேடத் தொடங்கிவிடுவார், சந்திப்பு விசாரணையாகிவிடும். பிள்ளையின் படிப்பு, அம்மாவின் மூட்டுவலி என்று அவர் கவலைப்படுவதைப் பேசவிடுங்கள். ஜெபிக்கலாமா என்று கேட்டு, சரி என்றால் மட்டும் சுருக்கமாக ஜெபியுங்கள். ஜெபத்துக்குள் அறிவுரையை நுழைக்காதீர்கள்.

லூக்காவின் மேய்ப்பன் ஆட்டைத் திட்டவில்லை, சந்தோஷத்தோடு தோளில் போட்டுக்கொள்கிறான். திரும்பி வந்தவரை "இவ்வளவு நாள் எங்கே போனீர்கள்?" என்று வரவேற்க வேண்டாம் என்று குழுவுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

7. ஐந்தாம் வாரம்: பேதுரு

பகுதி: யோவான் 21:15-17, 1 பேதுரு 5:1-4.

தம்மைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்த பேதுருவிடம் இயேசு மூன்று தரம் அன்பைப் பற்றிக் கேட்டு, மூன்று தரமும் தம் ஆடுகளை ஒப்படைக்கிறார். என் ஆடுகள் என்றே சொல்கிறார். பத்து வீடுகளை "என் வீடுகள்" என்று பேசத் தொடங்கும் பொறுப்பாளர் இந்தப் பகுதியைத் திரும்ப வாசிக்க வேண்டும்.

அதே பேதுரு பிற்பாடு மூப்பர்களுக்கு எழுதும்போது மூன்று எல்லைகள் வைக்கிறார்: கட்டாயமாய் அல்ல, அவலட்சணமான ஆதாயத்திற்காக அல்ல, இறுமாப்பாய் ஆளுவதற்காக அல்ல. நடுவில் உள்ளதற்கு நடைமுறை விதி ஒன்று. குழுவில் யாரிடமும் கடன் வாங்காதீர்கள், கடன் கொடுக்காதீர்கள், சீட்டுப் பிடிக்காதீர்கள். உதவிப்பணம் தேவைப்பட்டால் ஆயர் வழியாக, ரசீதோடு போகட்டும். பணம் கைமாறிய வீட்டுக்குள் அடுத்த வாரம் மேய்ப்பராக நுழைய முடியாது.

8. ஆறாம் வாரம்: இப்போது சங்கீதம் 23

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதற்குள் பொறுப்பாளர்கள் களைத்திருப்பார்கள். திறக்காத கதவுகள் சிலவற்றையாவது பார்த்திருப்பார்கள். இனி அவர்கள் இந்தச் சங்கீதத்தை ஆடாக வாசிக்கலாம். மந்தை மேய்த்த தாவீதே, கர்த்தர் என் மேய்ப்பர் என்று சொல்கிறான். மரண இருளின் பள்ளத்தாக்கிலிருந்து எடுத்துவிடுவதாகச் சங்கீதம் சொல்லவில்லை, நடந்தாலும் கூட இருக்கிறீர் என்கிறது. ஐந்து வாரம் பிறர் வீட்டுத் துக்கத்தில் உட்கார்ந்தவருக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

இன்று போதனை வேண்டாம். ஒவ்வொருவரும் இந்த வாரங்களில் தாங்கள் பராமரிக்கப்பட்ட ஒரு தருணத்தைச் சொல்லட்டும், விரும்பாதவர் அமைதியாக இருக்கட்டும்.

பொறுப்பாளர் ஒவ்வொருவரையும் விசாரிக்க ஒருவரை இன்றே நியமியுங்கள். மாதம் ஒருமுறை வந்து "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்பவர் போதும். இதைத் தள்ளிப்போட்ட குழுக்களில் பொறுப்பாளர் ஒருநாள் சொல்லாமல் நின்றுவிடுகிறார்.

9. ஒப்படைப்பு

ஆறு வாரத்துக்குப்பின் கூட்டம் மாதம் இருமுறையாகக் குறையலாம், சந்திப்புகள் குறையக் கூடாது. ஐந்து பத்திகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாக எழுதுங்கள், பழைய பக்கத்தைக் கிழித்து எரித்துவிடுங்கள்.

மாற்றலாகியோ பிள்ளைகளோடு சென்னைக்குக் குடிபெயர்ந்தோ நீங்களும் ஒருநாள் போகலாம். தன் காலம் முடிகிறது என்று அறிந்த மோசே, கர்த்தருடைய சபை "மேய்ப்பனில்லாத மந்தையைப்போல்" ஆகிவிடாதபடி ஒருவரை ஏற்படுத்தும்படி கேட்டார் (எண்ணாகமம் 27:15-20). தன் கனத்தில் (மதிப்பில்) கொஞ்சம் யோசுவாவுக்குக் கொடுக்கும்படி, தான் இருக்கும்போதே மோசேக்குக் கட்டளையும் கிடைத்தது. ஆகவே போவதற்கு இரண்டு மாதம் முன்பே அடுத்தவரை அழைத்துக்கொண்டு பத்து வீட்டுக்கும் போங்கள். முதல் சுற்றில் நீங்கள் பேசுங்கள், அவர் கேட்கட்டும். இரண்டாம் சுற்றில் அவர் பேசட்டும். நோட்டைக் கொடுக்கும்போது இரகசியமாகச் சொல்லப்பட்டவற்றைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். அவற்றைச் சொல்ல வேண்டுமா என்பதை அந்தந்த வீட்டாரே முடிவு செய்யட்டும்.